ஒற்றைக் கொடி

அந்த ஆகஸ்ட் மாதம் டாராகூல் ஊரில் டார்சி கெர்ஸ்லேக்கைப் பற்றிய பேச்சைக் கேட்காமல் யாரும் ஒரு ரொட்டி வாங்கிவிட முடியாது. ரொட்டிக்கடைக்காரி பன்களின் தலையில் சர்க்கரைப் பாகால் அவனுடைய சட்டை எண் பதினேழை எழுதி விற்றாள். மதுக்கடைக்காரர் கண்ணாடி ஜன்னலில் சாக்பீஸால் அவன் அடித்த கோல்களைக் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தார். ஜன்னல் நிறைந்து, கோடுகள் கதவுக்குத் தாவியிருந்தன. பையனுக்குப் பத்தொன்பது வயது. கோதுமைக் கிடங்கில் லாரிகளை எடைபோடும் வேலை. லாரிக்காரர்கள் எடைச்சீட்டை வாங்கிக்கொண்டு சும்மா போகாமல், கீழே இறங்கி, அவனுடைய முழங்காலைக் குசலம் விசாரித்துவிட்டுத்தான் போனார்கள்.

ஊருக்கு வேறு கொண்டாட்டமும் இல்லை. மழை ஏமாற்றிய வருடம் அது. கையாலும் பந்தைப் பிடித்து ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்தான ஃபுட்டியில் ஊர் அணியோ ஒன்பது அணிகளில் ஆறாவது. இறுதிச் சுற்றை எட்டிப் பார்க்கப் போவதில்லை. ஆனால் டார்சி எம்பினால் இரண்டு தடுப்பாட்டக்காரர்களின் தலைக்கு மேலே அவன் கைகள் தெரியும். பந்து அந்தக் கைகளைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். இப்படி ஒருவன் கிடைத்த பிறகு அணி ஆறாவதாவது ஏழாவதாவது, யார் கவலைப்பட்டார்கள்? பருவத்தின் கடைசி ஆட்டம் வரும்போது அவன் கணக்கில் தொண்ணூற்று நான்கு கோல்கள். இன்னும் ஆறு அடித்தால் நூறு.

நூறு என்றால் சாதாரணம் இல்லை. ஒரே பருவத்தில் ஒருவன் நூறாவது கோலை அடித்துவிட்டால், ஊரே வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடி, அவனைக் கட்டிப் புரண்டு, தோளில் தூக்கிவைத்துக் கூத்தாட வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். ஆனால் ஓடாமல் நின்றவனை ஊர் மன்னிக்காது. டாராகூலில் அது ஒரே ஒரு தடவைதான் நடந்திருக்கிறது, 1986-ல். கிளப் கூடத்துப் பலகையில் பொன் எழுத்தில் நிற்கிறது: ட்ரெவர் பாஸ்கோ, 100. அதற்கு மேல் ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்த ட்ரெவரின் முன்னாள் மனைவிதான் ரேலீன். ஐம்பத்தொன்பது வயது. வார நாட்களில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவாள். சனிக்கிழமைகளில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கோல் நடுவராக நிற்பாள். ஒவ்வொரு கிளப்பும் தன் பங்குக்கு ஒரு கோல் நடுவரைத் தரவேண்டும் என்பது அந்தப் பக்கத்து ஏற்பாடு. இருபத்திரண்டு வருடங்களாக டாராகூலின் பங்கு அவள்தான். வாய் கொஞ்சம் நீளம், கண் அதைவிடக் கூர்மை. இரண்டு நெடுங்கம்பங்களுக்கு நடுவே பந்து எதையும் தொடாமல் பறந்தால் கோல்; ஆறு புள்ளி, இரண்டு கொடி. கம்பத்தில் லேசாக உரசினாலும் கோல் இல்லை; ஒரே புள்ளி, ஒற்றைக் கொடி. அவள் வேலை அவ்வளவுதான்.

டார்சி நூறு அடிக்க வேண்டும் என்று ஊரில் அவளைவிட ஆசைப்பட்டவர்கள் யாரும் இல்லை. அவன் ஆறு வயதிலிருந்து அவளுடைய பேருந்தின் கடைசி இருக்கையில் மடியில் பந்தோடு உட்கார்ந்து வந்தவன். அது ஒரு காரணம். ட்ரெவரின் பெயர் அந்தப் பலகையில் தனியாக மினுக்கிக்கொண்டு கிடப்பது இன்னொரு காரணம். இரண்டாவதை அவள் மறைத்ததும் இல்லை.

கிளப் தலைவர் நெவில் ஸ்ட்ராகன் கடைசி ஆட்டத்தன்று மத்தியானமே மைதான வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"ரேலீன், ராத்திரி தூங்கினியா? எனக்குக் கண்ணே மூடல."

"நீ எதுக்குத் தூங்காம கிடந்த? உதைக்கப் போறது நீயா?"

"இந்த வருஷம் விட்டா அவ்வளவுதான்மா. மெல்போர்ன் பெரிய கிளப்காரங்க அவனைக் கொத்திட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நம்ம ஊர்ல நூறுன்னா அது உன் புருஷன் பேரு மட்டும்தான்."

"முன்னாள் புருஷன்" என்றாள் ரேலீன். "அந்த முன்னாளை முழுங்கினீன்னா உன்னைக் கேட்டுக்கு வெளியே தள்ளிப் பூட்டிடுவேன்."

எதிரணி பூர்லாங். பட்டியலில் டாராகூலுக்கும் கீழே. இரண்டரை மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது வேலியைச் சுற்றி நூற்றுக்கணக்கான கார்கள் மூக்கை மைதானத்தின் பக்கம் நீட்டி நின்றன. கோல் விழுந்தால் அங்கே கைதட்டல் கிடையாது, ஹாரன்தான். வலைப்பந்து ஆடிய பெண்கள் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார்கள். சின்னப் பிள்ளைகள் முதுகில் காகிதத்தில் பதினேழு எழுதி ஒட்டியிருந்தார்கள். தேவாலயத்துப் பாதிரியாரின் காரிலும் பதினேழு.

ஆட்டத்தின் முதல் கால் பகுதியில் டார்சிக்கு இரண்டு கோல். அடுத்ததில் ஒன்று. மூன்றாவதில் ஒன்று. கடைசிக் கால் பகுதி தொடங்கியதும் ரேலீன் நின்ற பக்கத்துக்கு வந்த டார்சி, ஓடிக்கொண்டே இடது காலால் ஒன்றை உள்ளே தள்ளினான். தொண்ணூற்றொன்பது! அவள் இரண்டு கொடிகளையும் வீசும்போது ஹாரன் சத்தத்தில் அவளுக்கே காது அடைத்தது. ஆட்டம் எப்போதோ கையில் வந்துவிட்டது; டாராகூல் ஐம்பது புள்ளிக்கு மேல் முன்னே இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. வேலியோரம் ஜனங்கள் ஒரு காலைக் கம்பியின் மேல் வைத்துக்கொண்டு தயாராக நின்றார்கள்.

ஆட்டம் முடியும் சங்கு ஊத மூன்று நிமிடம் இருக்கும்போது டார்சி எம்பிப் பந்தைப் பிடித்தான். நாற்பத்தைந்து மீட்டர் தூரம், கொஞ்சம் கோணலான இடம். தரையில் படாமல் பிடித்துவிட்டதால் நின்று நிதானமாக உதைக்கலாம். சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டான். காற்று வலமிருந்து அடித்தது. நடந்து, பிறகு ஓடி, உதைத்தான்.

நல்ல உதை. பந்து வலது கம்பத்துக்கு வெளியே கிளம்பி, காற்றில் சாய்ந்து, உள்ளே திரும்பி வந்தது. ரேலீன் கம்பத்தின் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். 'வா, வா, இன்னும் கொஞ்சம் வா' என்று அவள் உதடுகள் முணுமுணுத்தன. பந்து, கம்பத்தின் அடியில் மெத்தை சுற்றிய பகுதிக்கு வெகு மேலே, அதன் உள்விளிம்பில் உரசிக்கொண்டு போனது. கம்பம் ஒரு துளி அதிர்ந்தது. சுழன்று வந்த பந்து சுழற்சி தடுமாறி அவளுக்குப் பின்னால் விழுந்தது.

அவள் கை கோட்டுப் பைக்குப் போவதற்குள்ளேயே ஊர் வேலியைத் தாண்டிவிட்டது.

தவறு அங்கேதான் நடந்தது. கொடி வீசும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அவர்களில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். முப்பத்தெட்டு வருடம் காத்திருந்தவர்களுக்கு மூன்று விநாடி பொறுக்கவில்லை. கிழவர்கள் ஓடினார்கள், கைக்குழந்தையோடு தாய்மார்கள் ஓடினார்கள், சிற்றுண்டிக் கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு அங்கிருந்தவர்களும் ஓடினார்கள். டார்சி ஆட்களுக்கு அடியில் புதைந்துபோனான். ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மைதான நடுவர், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தின் இளம் வாத்தியார், கூட்டத்தைப் பிளந்துகொண்டு ரேலீனிடம் வந்து சேர்ந்தார்.

"கோல்தானே?"

"இல்ல. கம்பத்துல பட்டுச்சு."

அவருடைய முகம் வெளுத்தது. "நிச்சயமாவா?"

"நான் அடியிலதானே நிக்கறேன்."

"எனக்கு இங்கிருந்து... எனக்குத் தெரியல" என்றார் அவர். பின்னால் ஆடிக்கொண்டிருந்த கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கதான் சொல்லணும்."

அதற்குள் நெவில் வந்துவிட்டார். மூச்சிரைப்போடு, கண்ணில் தண்ணீரோடு. "என்னம்மா இன்னும் நிக்கற? தூக்கு! ரெண்டையும் தூக்கு!"

"பட்டுச்சு நெவில்."

"எது?"

"பந்து. கம்பத்துல."

நெவில் குரலைத் தணித்துக்கொண்டு கிட்டே வந்தார். "யார் பாத்தா? நீ ஒருத்திதான். ஆட்டம் முடிஞ்ச மாதிரிதான். யாருக்கு என்ன நஷ்டம்? சொல்லு, ஒருத்தருக்கு நஷ்டம்னு சொல்லு பாப்போம்."

நாள் முழுக்க டார்சியைத் துரத்திக் களைத்துப்போன பூர்லாங் தடுப்பாட்டக்காரன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். "குடுத்துத் தொலைங்க அக்கா. நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம். அவன் அடிச்ச அடிக்குக் குடுக்கலாம்."

"உன்னைக் கேட்டேனா?" என்றாள் ரேலீன். அழுகை வந்துகொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது; அது அவளை இன்னும் கோபப்படுத்தியது.

முழங்கால் நொண்ட, தொப்பியைக் கையில் பிடித்தபடி ட்ரெவர் வந்தான். அறுபத்தொரு வயது. கூட்டத்தில் அவன் ஒருத்தன்தான் ஓடாமல் நடந்து வந்தவன். கம்பத்தை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"பட்டுச்சா?"

"பட்டுச்சு."

"நீயாவது அவகிட்ட சொல்லுடா" என்றார் நெவில்.

ட்ரெவர் தொப்பியை மாட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தான்.

அந்த முதுகைப் பார்த்ததும் ரேலீனுக்கு இருந்த கொஞ்ச தயக்கமும் போய்விட்டது. ஏனென்றால் 1986-ல் ட்ரெவருடைய நூறாவது பந்தும் கம்பத்தில் பட்டதுதான். இருபத்தோரு வயதுப் பெண்ணாக, கோல் கம்பங்களுக்குப் பின்னால் அப்பாவின் காரின் மேல் உட்கார்ந்து அவள் அதைப் பார்த்தாள். அன்றும் ஊர் கொடிக்கு முன்னால் ஓடியது. அன்றைய கோல் நடுவர் பயந்துபோய் இரண்டு கொடியையும் தூக்கிவிட்டார். அடுத்த வருடம் அவளுக்கும் ட்ரெவருக்கும் கல்யாணம். ஒவ்வொரு வருடமும் கிளப் விருந்தில் அந்த நூறாவது கோலைச் சொல்லச் சொல்லி ஜனங்கள் அவனைப் பிடுங்குவார்கள். சொல்லுவான்; குடிப்பான்; வீட்டுக்கு வந்து கேட்பான், "நீ அங்கதானே இருந்த, பாத்தியா?" அவள் இல்லை என்பாள். அவள் பொய் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இருபத்தைந்து வருடம் இப்படியே ஓடி, ஒருநாள் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட முடியாமல் போனது. ஊர் அதற்கு என்னென்னவோ காரணம் சொல்லிக்கொண்டது.

ஆட்களுக்கு அடியிலிருந்து டார்சியை வெளியே இழுத்துவிட்டிருந்தார்கள். முகமெல்லாம் சேறு, வாயெல்லாம் சிரிப்பு. இவனும் நாற்பது வயதில் யாரையோ பார்த்து "பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டுமா? 'சாமி சத்தியமா மாட்டேன்' என்று ரேலீன் மனதுக்குள் சொன்னாள்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க!" என்று கத்தினாள். பேருந்தில் நாற்பது பிள்ளைகளை அடக்கும் குரல் அது. கூட்டம் தன்னையறியாமல் விலகியது. கம்பத்தின் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். ஒரு விரலை நீட்டினாள். பிறகு ஒரே ஒரு கொடியை எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாதபடி, பட்டென்று வீசினாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் எழுந்த கூச்சல் இருக்கிறதே, அப்படி ஒரு கூச்சலை அந்த மைதானம் கேட்டதில்லை. கார்களுக்குத் திரும்பியவர்கள் ஹாரனில் கை வைத்து எடுக்கவே இல்லை. "கண்ணாடி போடுடி!" என்றான் ஒருவன், அவன் பெண்ணைத்தான் அவள் தினமும் வாசலில் இறக்கிவிடுகிறாள். எங்கிருந்தோ பறந்து வந்த, இறைச்சி அடைத்துச் சுட்ட மீட் பை ஒன்று, சாஸோடு அவள் தோளில் விழுந்து வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. வந்து பாருங்கள் என்பதுபோல் நெஞ்சை நிமிர்த்தி இரண்டு கம்பங்களுக்கும் நடுவே நின்றாள்.

கூட்டத்தைக் கலைக்கப் பத்து நிமிடம் ஆனது. மிச்சமிருந்த ஆட்டத்தில் டார்சிக்குப் பந்தே கிடைக்கவில்லை. சங்கு ஊதியது. தொண்ணூற்றொன்பது.

புள்ளி அட்டைகளைச் சரிபார்க்கும் அறையில், மறு பக்கம் நின்ற பூர்லாங் கோல் நடுவர், ஒரு வயதான விவசாயி, கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நானா இருந்தா ரெண்டு தூக்கியிருப்பேன்மா. எனக்கு அவ்வளவு தைரியம் பத்தாது."

"எனக்கும் பத்தலதான்" என்றாள் ரேலீன். "காலைப் பாருங்க, இன்னும் ஆடுது."

வீட்டுக்குப் போ, ஒரு வாரம் தலைகாட்டாதே என்று சிற்றுண்டிக் கடைப் பெண் ஒருத்தி ரகசியமாகச் சொன்னாள். ரேலீன் நேராகக் கிளப் கூடத்துக்குப் போனாள், அதே கோட்டோடு, தோளில் காய்ந்துபோன சாஸோடு. அவள் நடந்து போய் ஒரு பீர் கேட்டு வாங்கி, எல்லோரும் பார்க்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். ட்ரெவர் மூலையில், பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் இருந்த கண்ணாடிக் குவளை தொடாமல் கிடந்தது.

நெவில் மைக்கை எடுத்தார். "நான் ஒண்ணு சொல்லிடறேன். லீக் நடத்தறவங்க அவங்க புத்தகத்துல என்ன வேணாலும் எழுதட்டும். நம்ம பலகை நம்மளோடது. திங்கக்கிழமை பெயின்டர் வர்றான். டார்சி கெர்ஸ்லேக், நூறு!"

கூடம் அதிர்ந்தது. மேஜைகளைத் தட்டினார்கள். சுவரோரம் நின்ற டார்சி மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

ரேலீன் எழுந்தாள். "எழுது. பக்கத்துலயே 'பொய்'னு நான் எழுதுவேன். ஏணி என் வீட்லயும் இருக்கு."

"நீ இந்த ஊர்க்காரியா, பூர்லாங்காரியா?" என்றார் நெவில்.

"ஊர் சொல்றபடி தூக்கறதுன்னா ஊரே வந்து கம்பத்தடியில நிக்கட்டும். என்கிட்ட இன்னொரு வெள்ளைக் கோட்டு இருக்கு, தர்றேன். யாருக்கு வேணும்? கை தூக்குங்க!"

யாரும் தூக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது: "புருஷன் பேரு பலகைல தனியா நிக்கணும்னு பாக்கறா. அதான் விஷயம்!" சிலர் சிரித்தார்கள், பலர் 'ஆமாம்' என்றார்கள்.

ரேலீனின் வாய் திறந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அத்தனை பேர் வாயும் அடைத்துப் போகும். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மூலையில் இருந்தவனை ஒரு தடவை பார்த்தாள். அது அவனுடையது, அவளுடையது இல்லை. வாயை மூடிக்கொண்டு, நின்றபடியே நின்றாள்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"கம்பத்துல பட்டுச்சு" என்றான் ட்ரெவர்.

"அதான் அவ சொல்லிட்டாளேடா" என்றார் நெவில் சலிப்போடு. "உக்காரு."

"இவன் பந்து இல்ல. என்னோடது. எண்பத்தாறுல." அவன் குரல் பெரிதாக இல்லை, ஆனால் கடைசி மேஜை வரைக்கும் கேட்டது. "எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்க எல்லாம் வந்து தூக்கிட்டீங்க. இறங்கத் தெரியல. ரேலீனும் பாத்தா. என் மூஞ்சிக்காக முப்பத்தெட்டு வருஷம் வாயைத் திறக்கல. இப்பக்கூடத் திறக்கல, பாத்தீங்க இல்ல?" பலகையை நிமிர்ந்து பார்த்தான். "பெயின்டர் வந்தா முதல்ல இதை அழிக்கச் சொல்லு நெவில்."

நெவில் மைக்கை வாயருகே கொண்டுபோய், அப்படியே கீழே வைத்தார். ரேலீனுக்குக் கண்கள் நிறைந்து வழிந்தன. இந்தத் தடவை அவள் அதற்குக் கோபப்படவில்லை.

சுவரோரம் நின்ற டார்சிதான் முதலில் பேசினான்.

"அப்ப... இந்த ஊர்ல இதுவரைக்கும் ஒருத்தன்கூட நூறு அடிச்சதில்லையா?"

"இல்லடா" என்றான் ட்ரெவர்.

பையனின் முகத்தில் சிரிப்பு மெல்லக் கிளம்பி, காது வரைக்கும் போனது. "அப்ப அந்த இடத்தைக் காலியா வைங்க. என் பேரையும் எழுத வேணாம், ஒண்ணும் எழுத வேணாம். மெல்போர்ன் எங்கயும் ஓடிப் போயிடாது. நூறு அடிச்சிட்டுத்தான் நான் இந்த ஊரைவிட்டு நகருவேன்."

கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி ஒரு சத்தம். மத்தியானம் கேட்ட ஹாரன் சத்தமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. கண்ணாடி போடச் சொன்னவன்கூட மேஜை மேல் ஏறி நின்று கத்தினான்.

டார்சி அந்தக் கும்மாளத்தை விலக்கிக்கொண்டு ரேலீனிடம் வந்தான். "அடுத்த வருஷமும் அங்க நீங்கதானே நிப்பீங்க?"

"நிப்பேன்டா. என்னை யார் நகத்தறாங்கன்னு பாப்போம்" என்றாள் ரேலீன், நெவிலின் காதிலும் விழும்படி. "உரசிச்சுன்னா மறுபடியும் ஒண்ணுதான் தூக்குவேன், இப்பவே சொல்லிட்டேன்."